தொண்டுவழிக் கல்வி: ஓர் ஆய்வு

உயர்கல்விக்காக வெளிநாடு செல்லும் இளைஞர்கள் பெருகியுள்ள காலம் இது. அவர்கள் சேரும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் கையேட்டைப் புரட்டினால், பொறியியல், மருத்துவம், வணிகவியல் முதலிய பாடங்களோடு ‘சர்வீஸ் லேர்னிங்’ என்னும் பெயரிலும் ஒரு பாடம் இருப்பதைக் காணலாம். சில பல்கலைக்கழகங்களில் அது விருப்பப் பாடம். வேறு சிலவற்றில் அதில் தேறினாலன்றிப் பட்டம் கிடைக்காது. தமிழில் இதனைத் ‘தொண்டுவழிக் கல்வி’ எனலாம். மாணவர் ஓர் ஊரார்க்குத் தொண்டு செய்து, அத்தொண்டின் வாயிலாகத் தம் பாடத்தைக் கற்பது இதன் கருத்து. பல வேளைகளில் அவ்வூர் வேறொரு நாட்டிலும் இருக்கும்.

கேட்ட மாத்திரத்தில் இதனைக் குறைகூற எவரும் முன்வரார். எனினும், நல்லெண்ணத்தோடு தொடங்கப்பெற்ற தொண்டு பெறுவோர்க்குச் சுமையாக முடிந்ததும் உண்டு. சில இடங்களில் தீங்காகவே முடிந்ததும் உண்டு. நம் இல்லத்துப் பிள்ளை இத்தகைய பாடத்தில் சேர்ந்து, அயல்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குப் புறப்படும்போது, அது தகுந்த தொண்டா எனப் பார்த்தறியும் அளவுகோல் நம்மிடம் இருத்தல் வேண்டும். அவ்வளவுகோல் யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லும் பொருளும்

மூன்று செயல்களை நாம் முதலில் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். மாணவர் ஒருவர் ஓய்வு நாளில் முதியோர் இல்லம் சென்று உதவுவது தொண்டு. அதனால் முதியோர் பயன்பெறுவர். மாணவரின் பாடத்தோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டுவதில்லை. பொறியியல் மாணவர் தொழிற்சாலையில் ஆறு மாதம் பணிபுரிவது தொழிற்பயிற்சி. அதன் முதற்பயன் மாணவரைச் சேரும். தொண்டுவழிக் கல்வியில் இவ்விரு பயன்களும் ஒருங்கே நிகழ வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். வேதியியல் மாணவர் ஓர் ஊரின் கிணற்று நீரை எடுத்து, அதிலுள்ள உப்பையும் புளோரைடையும் அளந்து, எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தக்கது என்று ஊராரிடம் விளக்குகின்றனர் என்று கொள்வோம். அளக்கும் முறை அவர்தம் பாடம்; அளந்து கண்ட முடிவு ஊராரின் தேவை. பின்னர் வகுப்பில் அமர்ந்து, எதைச் செய்தோம், எங்கே தவறினோம், அந்நீர் ஏன் அவ்வாறாயிற்று, ஊரார் ஏன் வேறு கிணற்றுக்குச் செல்ல இயலவில்லை என்று ஆராய்ந்து எழுதுகின்றனர். இந்த ஆய்வுக்கு ‘மீள்சிந்தனை’ என்று பெயர். இது இல்லையேல் தொண்டு நிகழ்ந்திருக்கலாம், ஆயின் கல்வி நிகழ்ந்ததாகக் கொள்ள இயலாது என்பர் கல்வியாளர். மதிப்பெண்ணும் ஆற்றிய மணிநேரத்துக்காக வழங்கப்படுவதன்று. அதிலிருந்து கற்றதைக் கருதியே வழங்கப்படுகிறது.

தோற்றம்

செயலின் வழியே கல்வி வளரும் என்ற கருத்துக்கு அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி பெரிதும் காரணர். பட்டறிவும் கல்வியும் பற்றிய அவருடைய சிறு நூல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லாப் பட்டறிவும் கல்வியாகிவிடுவதில்லை, சில பட்டறிவு மேற்கொண்டு கற்பதையே தடுத்துவிடும் என்பதை அதில் அவர் எடுத்துரைத்தார். தொண்டுவழிக் கல்வியைப் பற்றிய எல்லா ஆராய்ச்சிக்கும் இக்கருத்து அடிப்படையாக அமைந்தது.

‘சர்வீஸ் லேர்னிங்’ என்னும் சொல்லை 1967ஆம் ஆண்டளவில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகிய இருவர் வழக்கிற்குக் கொணர்ந்தனர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்லூரி மாணவர்களை வட்டார வளர்ச்சிப் பணிகளில் ஈடுபடுத்திய திட்டங்களில் அவர்கள் பணியாற்றி வந்தனர். 1985இல் பிரவுன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்போர்டு ஆகிய பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் முன்னின்று ‘கேம்பஸ் காம்பாக்ட்’ என்னும் கூட்டமைப்பை நிறுவினர். அதன்பின் இக்கல்விமுறை அந்நாடெங்கும் பரவிற்று.

மெக்சிகோவின் பட்டறிவு

எனினும், அச்சொல் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே அச்செயல் மெக்சிகோவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1930களில் அந்நாட்டு மருத்துவர்களுள் பெரும்பாலோர் நகரங்களிலேயே வாழ்ந்தனர். சிற்றூர்கள் பல மருத்துவர் ஒருவரையும் கண்டதில்லை. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரித் தலைவராயிருந்த குஸ்தாவோ பாஸ், படிப்பை முடிக்கும் மாணவர் பட்டம் பெறுமுன் சில மாதங்கள் மருத்துவர் இல்லாத ஊர்களில் பணியாற்ற வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். லாசரோ கார்தெனாஸ் குடியரசுத் தலைவராயிருந்த காலம் அது. 1936இல் அரசின் சுகாதாரத் துறையும் பல்கலைக்கழகமும் உடன்பாடு செய்துகொள்ள, முதல் அணி மாணவர்கள் சிற்றூர்களுக்குப் புறப்பட்டனர்.

1945இல் இயற்றப்பெற்ற தொழில்கள் பற்றிய சட்டம் இக்கடமையை மருத்துவத்தோடு நில்லாமல் பிற பட்டதாரிகளுக்கும் விரித்தது. ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஈராண்டுக்கு மேற்படாமலும் சமூகப்பணி ஆற்ற வேண்டும் என்பது அதன் விதி. பெரும்பாலான துறைகளில் இது 480 மணி நேரமாகக் கணக்கிடப்படுகிறது. மருத்துவத்தில் ஓராண்டு நீடிக்கிறது. பொதுமக்கள் வரிப்பணத்தால் கல்வி பெற்றவர் அதன் பயனில் ஒரு பகுதியை அவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது இதன் நோக்கம்.

இத்திட்டத்தால், மருத்துவமனையை எட்டிப் பார்த்திராத ஊர்களுக்கும் மருத்துவம் சென்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், குறைகளும் தொடர்ந்து சுட்டப்பட்டு வருகின்றன. படிப்பை அப்போதே முடித்த இளைஞர், அறிவுரை கூற மூத்த மருத்துவர் ஒருவர் அருகில் இல்லாத நிலையில், தொலைவிலுள்ள சிற்றூரில் தனித்து நோயாளரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக் குறைந்த பகுதிகளில் அவர்தம் உயிருக்கும் இடர் நேர்வதுண்டு. நோயாளர்க்கோ ஆண்டுதோறும் மருத்துவர் மாறுகிறார். நாட்டின் நன்மைக்காகவே வகுக்கப்பெற்ற திட்டத்திலும் கற்பிப்போர் உடனில்லாவிட்டால் தொண்டும் கல்வியும் ஒருசேரத் தளர்கின்றன என்பதை இதனால் அறிகிறோம்.

ஓர் எதிர்க்குரல்

மெக்சிகோ மாணவர் தம் நாட்டில், தம் மொழி பேசுவோரிடையே பணிபுரிந்தனர். 1960களில் வேறொரு வகைத் தொண்டும் அந்நாட்டில் தொடங்கிற்று. வட அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் மெக்சிகோவின் சிற்றூர்களுக்குக் குழுக்குழுவாக வரலாயினர். வீடு கட்டவும், பள்ளிக்குச் சுண்ணம் பூசவும், கல்வி புகட்டவும் அவர்கள் விரும்பினர்.

அம்மாணவர் அமைப்புகளின் மாநாட்டில் 1968 ஏப்ரல் 20ஆம் நாள் இவான் இலிச் என்பவர் உரையாற்றினார். வியன்னாவில் 1926இல் பிறந்த இவர் ஒரு பாதிரியார். மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், அந்நாட்டுக்கு வரும் வெளிநாட்டார்க்கு மொழியும் பண்பாடும் பயிற்றும் நடுவம் ஒன்றை நடத்தி வந்தார். தொண்டர்களை ஊக்குவிக்கும் உரையை எதிர்பார்த்திருந்தோர்க்கு அவர் கூறியது அதிர்ச்சியாக இருந்தது. உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் தொண்டு செய்ய வாராதீர்கள் என்பதே அவர் உரையின் சாரம். அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. முதலாவது, ஊராரின் மொழி தெரியாத மாணவர், தாம் செய்வதைப் பற்றி ஊரார் என்ன கருதுகிறார்கள் என்பதைக்கூட அறிய இயலாது. இரண்டாவது, செல்வ நாட்டிலிருந்து வந்தவரை ‘வேண்டாம், போய்விடு’ என்று சொல்லும் வலிமை அந்த ஏழைகளிடம் இல்லை. ஏழைகளோடு பணிபுரிந்தே தீர வேண்டுமாயின், உங்கள் நாட்டிலேயே, உங்களை மறுத்துச் சொல்ல வல்லவரிடம் செல்லுங்கள் என்றார். மெக்சிகோவுக்குக் காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வாராதீர்கள் என்று வேண்டி உரையை முடித்தார்.

இவ்வுரை கடுமையானதுதான். ஆயினும், தொண்டுவழிக் கல்வியைக் கற்பிக்கும் பல வகுப்புகளில் இன்று மாணவர் முதலில் படிக்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று. இலிச்சின் முடிவை ஏற்காதவரும் அவர் எழுப்பிய வினாவைத் தவிர்க்க இயலவில்லை. பெறுவோர் மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் செய்யப்படும் உதவி உதவியாகுமா என்பதே அவ்வினா.

மூன்று நெறிகள்

இதற்கு விடையாக அமையத்தக்க நெறிகளை, முன்னர்க் கூறிய ராபர்ட் சிக்மன் 1979இல் வகுத்தளித்தார். அவை வருமாறு:

1. எத்தொண்டு, எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைப் பெறுவோரே ஆள வேண்டும்.
2. அத்தொண்டினால் பெறுவோர் தம் செயலாலேயே தமக்கும் பிறர்க்கும் உதவும் ஆற்றலில் வளர வேண்டும்.
3. தொண்டு செய்வோரும் கற்போரே. எதனைக் கற்பது என்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

இவற்றுள் முதல் இரு நெறிகளும் பெறுவோரைப் பற்றியவை என்பதை நாம் கருத வேண்டும். மாணவர்க்குரியது மூன்றாவதாகவே நிற்கிறது. ‘எங்கள் பிள்ளை என்ன கற்றான்?’ என்று கேட்கும் நமக்கு, ‘அவ்வூரார் என்ன பெற்றார்கள்? அதனை அவர்கள் கேட்டார்களா?’ என்னும் வினாக்கள் முன்னே வர வேண்டும் என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது.

ஹாங்காங்கில் ஒரு நடைமுறை

இந்நெறிகளைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்த முயன்றவற்றுள் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. ஹாங்காங்கின் இளநிலைப் பட்டப்படிப்பு 2012இல் மூன்றாண்டிலிருந்து நான்காண்டாக மாறியது. அப்போது அப்பல்கலைக்கழகம், எத்துறை மாணவராயினும் தொண்டுவழிக் கல்விப் பாடம் ஒன்றைப் படித்தே பட்டம் பெற வேண்டும் என்று விதித்தது. அதற்கு ‘கிரெடிட்’ எனப்படும் பாடமதிப்பு மூன்று. ஏனைய பாடங்களைப் போலவே இதற்கும் ஆசிரியர், வகுப்பு, எழுத்துப்பணி, மதிப்பீடு ஆகியன உண்டு. பெரும்பாலான மாணவர் ஹாங்காங்கிலேயே பணிபுரிகின்றனர். ஒரு பகுதியினர் சீனப் பெருநிலத்துக்கும், கம்போடியா, ருவாண்டா முதலிய நாடுகளுக்கும் செல்கின்றனர்.

ருவாண்டாவில் நடைபெறும் பணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்கம்பி எட்டாத சிற்றூர் வீடுகளில் சூரிய ஒளித் தகடு பொருத்தி விளக்கேற்றுவதும், கைப்பேசிக்கு மின்னேற்ற வழிசெய்வதும் இப்பணி. பயணத்துக்கு முன்னரே மாணவர் மின்சுற்று, மின்கலம், தகட்டின் கொள்ளளவு ஆகியவற்றை வகுப்பில் பயின்று, தம் கையால் பூட்டிப் பார்க்கின்றனர். சென்ற இடத்தில் உள்ளூர் இளைஞர்களோடு இணைந்து வேலை செய்கின்றனர். இங்கு உள்ளூர் இளைஞரின் பங்கே இன்றியமையாதது. மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும், கம்பி அறும். அப்போது ஹாங்காங் மாணவர் அங்கிருக்கப் போவதில்லை. பழுதுபார்க்கும் அறிவு ஊரில் தங்கினால் மட்டுமே விளக்கு தொடர்ந்து எரியும். சிக்மனின் இரண்டாம் நெறி செயலில் எவ்வாறு அமையும் என்பதற்கு இதுவே விளக்கம்.

ஒரே சிற்றூர் வட்டாரத்துக்கு ஆண்டுதோறும் திரும்பச் செல்வதும் இத்தகைய திட்டங்களின் வலிமை. முதலாண்டில் தவறாக அமைந்ததை மறு ஆண்டில் திருத்த இயலும். ஊராரும் வந்தவரை அறிந்துகொண்டு, ‘இது எங்களுக்குப் பயன்படவில்லை’ என்று கூறத் துணிவர். ஒருமுறை வந்து மறைபவரிடம் எவரும் அவ்வாறு கூறுவதில்லை. நன்றி கூறி வழியனுப்பிவிடுவர்.

பெறுவோர் கூறியவை

தொண்டுவழிக் கல்வியைப் பற்றிய ஆய்வுகளுள் மிகப் பல, மாணவர் அடைந்த வளர்ச்சியையே அளந்தன. ரேண்டி ஸ்டோக்கர், எலிசபெத் டிரையன் ஆகிய இருவரும் மாறாக, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், மாணவரை ஏற்றுப் பணி தரும் தொண்டு நிறுவனத்தாரிடம் கேட்டனர். அவ்வாய்வு 2009இல் நூலாக வெளிவந்தது.

நிறுவனத்தார் கூறியவற்றுள் முதன்மையானது காலக்குறைவு. ஒரு பருவத்தில் சில மணி நேரமே வரும் மாணவரைப் பயிற்றுவதற்கு, அவர் ஆற்றும் பணியைவிட மிகுதியான நேரம் செலவாகிறது. பணி கைவரும் வேளையில் பருவம் முடிந்துவிடுகிறது. குழந்தைகளோடும் முதியோரோடும் பழகும் பணியில் இத்தகைய வந்துசெல்லுதல் அவர்களுடைய மனத்தையும் வருத்துகிறது. பாடத்தை நடத்தும் பேராசிரியர் ஒருமுறையேனும் நேரில் வந்து பேசுவதில்லை என்பது மற்றொரு குறை. அங்ஙனமாயின் ஏன் ஏற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, இளைஞர்க்குக் கற்பிப்பதும் தம் கடமை என்று கருதுவதாகப் பலர் விடையிறுத்தனர். தொண்டு பெறுவோர் என்று நாம் கருதிய அவர்களே, உண்மையில் மாணவர்க்குத் தொண்டு செய்துகொண்டிருந்தனர்.

கம்போடியா தரும் எச்சரிக்கை

சுமையினும் கொடியது தீங்கு. கம்போடியாவில் சுற்றுலாவும் வெளிநாட்டுத் தொண்டர் வருகையும் வளர்ந்த காலத்தில், 2005க்கும் 2010க்கும் இடையே ஆதரவற்றோர் இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 விழுக்காடு கூடியது. அவ்வில்லங்களில் வாழ்ந்த நான்கு பிள்ளைகளுள் ஏறத்தாழ மூவர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர் என்பதை யுனிசெஃப் வெளிப்படுத்திற்று. வறுமையிலிருந்த பெற்றோர், கல்வி கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பினர். வெளிநாட்டார் வந்து பணம் தருவதால், பிள்ளைகளை இல்லத்தில் வைத்திருப்பதே சிலர்க்கு வருவாய் வழியாயிற்று.

இரண்டு கிழமை தங்கிப் பிள்ளைகளோடு விளையாடி, கண்ணீரோடு விடைபெற்ற மாணவர் எவரும் தீய எண்ணத்தோடு செல்லவில்லை. ஆயினும், அவர்தம் வருகையும் பணமும் சேர்ந்து, பெற்றோரிடம் வளர வேண்டிய பிள்ளைகளைப் பிரித்து வைத்தன. அறியாமல் செய்த செயலாயினும் விளைந்த தீங்கு தீங்கே. இதனை உணர்ந்தபின் பல பல்கலைக்கழகங்களும் தொண்டு அமைப்புகளும் ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் குறுகிய காலத் தொண்டரை அனுப்புவதைக் கைவிட்டன.

மருத்துவத் துறையிலும் இத்தகைய இடர் உண்டு. மருத்துவக் கல்லூரியில் இன்னும் சேராத மாணவர், ஏழை நாட்டு மருத்துவ முகாமில் ஊசி போடவும் தையலிடவும் அனுமதிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் உள்ளன. தம் நாட்டில் எதனைச் செய்யத் தகுதி இல்லையோ, அதனை வேறு நாட்டிலும் செய்யலாகாது என்பதே இதில் கொள்ளத்தக்க விதி.

நம் நாட்டில்

இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவையொட்டி, 1969 செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அன்று அதில் 37 பல்கலைக்கழகங்களும் 40,000 மாணவர்களும் சேர்ந்தனர். மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்றுவதும், ஏழு நாள் சிறப்பு முகாமில் ஊர் ஒன்றில் தங்குவதும் இதன் அமைப்பு. நம் குடும்பங்களில் இம்முகாமுக்குச் சென்று வந்தோர் பலர் இருப்பர். பெரும்பாலும் இது பாடத்துக்குப் புறம்பான தொண்டாகவே நடந்து வந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சமூக ஈடுபாட்டையும் தொண்டையும் பாடமதிப்புள்ள பாடங்களாக அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆதலின், வெளிநாடு செல்லாத மாணவரும் இவ்வினாக்களை எதிர்கொள்ளும் காலம் வந்துள்ளது.

பெற்றோரும் மாணவரும் கேட்க வேண்டியவை

பாடத்தில் சேருமுன் பல்கலைக்கழகத்திடம் பின்வரும் வினாக்களைக் கேட்டு விடை பெறுதல் நலம். கேட்பது நம் உரிமை. முறையாக நடத்தும் துறையினர் இவற்றுக்கு மகிழ்ந்தே விடை தருவர்.

1. இப்பணியைக் கேட்டவர் யார்? ஊராரா, நிறுவனமா, பல்கலைக்கழகமா?
2. இவ்வூரோடு பல்கலைக்கழகத்துக்கு எத்தனை ஆண்டுத் தொடர்பு உள்ளது? மாணவர் திரும்பியபின் பணியைத் தொடர்பவர் யார்?
3. புறப்படுமுன் மொழி, பழக்கவழக்கம், வரலாறு ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம்?
4. மாணவர் செய்யப்போகும் வேலைக்கு அவர்க்குத் தகுதி உண்டா? அவ்வேலையை ஊதியம் பெற்றுச் செய்யக்கூடிய உள்ளூர்த் தொழிலாளியின் பிழைப்பை அது பறிக்குமா?
5. உடன் செல்லும் ஆசிரியர் யார்? இடர் நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?
6. மாணவர் செலுத்தும் கட்டணத்தில் ஊர்ப்பணிக்குச் செல்லும் பகுதி எவ்வளவு?
7. பணி பயன்பட்டதா என்பதை ஊராரிடம் கேட்டறியும் முறை உண்டா?

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்காத திட்டத்தில் சேராதிருப்பதும் ஒரு நற்செயலே. அத்தகைய நிலையில், பிள்ளை பயிலும் நகரிலேயே, தன் மொழி புரிந்த மக்களிடையே, ஓராண்டு முழுதும் கிழமைக்கு இரண்டு மணி நேரம் தவறாமல் சென்று செய்யும் பணி, தொலைநாட்டில் இரு கிழமை செய்யும் பணியினும் பயன் மிகுந்ததாகலாம்.

முடிவாக

தொண்டுவழிக் கல்வி இளைஞர்க்குத் தரக்கூடியது பெரிது. வகுப்பறையில் எண்களாகக் கண்ட வறுமைக்கும் நோய்க்கும் காரணங்கள் உண்டு என்பதையும், அவை தம் நல்லெண்ணத்தால் மட்டும் நீங்குவன அல்ல என்பதையும் அவர்கள் நேரில் உணர்கின்றனர். அவ்வுணர்வைப் பெறுவதற்கு ஓர் ஊரார் தம் வாசலைத் திறந்துவிடுகின்றனர். ஆகவே, பயணம் முடிந்து திரும்பும் பிள்ளையிடம் ‘அங்கே என்ன கொடுத்தாய்?’ என்று கேட்பதோடு, ‘அவர்கள் உன்னிடம் என்ன சொன்னார்கள்?’ என்றும் நாம் கேட்போமாக. இரண்டாவது வினாவுக்கு விடை சொல்ல இயன்ற பிள்ளை, அப்பாடத்தில் தேறியவராவார்.

இல்லத்தில் கலந்துரையாட

1. தொண்டு, தொழிற்பயிற்சி, தொண்டுவழிக் கல்வி ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?
2. இவான் இலிச் கூறிய இரண்டு காரணங்களை நீங்கள் ஏற்கிறீர்களா? ஏலாதவிடத்து உங்கள் மறுப்பு யாது?
3. சிக்மனின் மூன்று நெறிகளையும் உங்கள் ஊரில் நடைபெறும் தொண்டு ஒன்றோடு பொருத்திப் பாருங்கள். எந்நெறி அதில் குறைவுபடுகிறது? அதனை நிறைவுசெய்ய வழி யாது?